கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதா, அடைத்துக்கொண்டதா? வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் இரண்டு வாரங்களில் எங்கள் குடியிருப்பின் மூன்று நான்கு வீடுகளிலிருந்து எனக்கு ஒரே கேள்வி வரும்: "பிரிண்டர்ல கார்ட்ரிட்ஜ் போயிடுச்சு, எந்த நம்பர் வாங்கணும்?" கோடை விடுமுறை முழுவதும் யாரும் தொடாமல் கிடந்த பிரிண்டராகத்தான் அது இருக்கும். போய்ப் பார்த்தவற்றில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கார்ட்ரிட்ஜில் மை இருந்தது. துளை காய்ந்திருந்தது, அல்லது செப்புத் தொடுபுள்ளியில் விரல் அழுக்குப் படிந்திருந்தது, அல்லது கோளாறு கணினியில் இருந்தது. பிளாக்கும் கலரும் சேர்த்து வாங்கினால் பிரிண்டர் விலையில் பாதியை விழுங்கிவிடும் என்பதால், கடைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டுப் பார்ப்பது வீண்போகாது.

இங்கே நான் பேசுவது பெரும்பாலும் ஹெச்பி டெஸ்க்ஜெட், கேனன் பிக்ஸ்மா வகைகளில் பிளாக் ஒன்று, கலர் ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர்களைப் பற்றி. இவற்றில் மை பீய்ச்சும் துளைத் தகடு கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் அந்தத் தகடும் சேர்ந்தே புதிதாகிவிடும். மை பாட்டில் ஊற்றும் டேங்க் பிரிண்டர்களுக்கு வழி மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு சோதனைகள்

முதலாவது ஜெராக்ஸ் சோதனை. கணினியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவிட்டு, எழுத்து அடர்த்தியாக உள்ள ஒரு தாளை ஸ்கேனர் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்து, பிரிண்டரிலேயே உள்ள காப்பி பொத்தானை அழுத்துங்கள். நகல் நன்றாக வந்தால் கார்ட்ரிட்ஜின்மேல் பழியில்லை. கணினியில் பிரிண்ட் வரிசையைத் திறந்து, பாதியில் நின்றுபோன பழைய ஆவணங்களை நீக்கிவிட்டு, இரண்டையும் அணைத்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், பிரிண்டரைக் கணினியிலிருந்து நீக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, இறக்கி மறுபடி நிறுவுங்கள். இதற்கு மேல் இக்கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

நகலும் சரியில்லை என்றால் இரண்டாவது சோதனை, டிஷ்யூ சோதனை. பிரிண்டர் ஆனில் இருக்கும்போதே மூடியைத் திறந்து, கார்ட்ரிட்ஜ் வண்டி ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து நின்ற பிறகு, கார்ட்ரிட்ஜை வெளியே எடுங்கள். பக்கவாட்டில் மட்டும் பிடியுங்கள். செப்பு நிறப் புள்ளிகளையும் அடியில் உள்ள துளைத் தகட்டையும் விரல் தொடக் கூடாது. ஒரு டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து, இலேசாக ஈரப்படுத்தி, அதன்மேல் துளைத் தகட்டை நேராக வைத்து மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும்.

பிளாக் கார்ட்ரிட்ஜானால் ஓரம் கூர்மையான ஒரு கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். கலரானால் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பட்டைகள், ஒன்றோடொன்று கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். பட்டை முழுதாக விழுந்தால் மையும் இருக்கிறது, துளையும் திறந்திருக்கிறது, கோளாறு மின்தொடர்பில். பட்டை பல்போன சீப்பைப் போல இடைவெளி விட்டு விழுந்தால் சில துளைகள் அடைத்திருக்கின்றன. ஒன்றுமே விழாவிட்டால், முழுதும் காய்ந்திருக்கலாம் அல்லது மை உண்மையிலேயே தீர்ந்திருக்கலாம்.

இந்தக் கடைசி இரண்டையும் பிரித்தறியச் சமையலறைத் தராசு உதவும். புதுக் கார்ட்ரிட்ஜை டேப் உரித்ததும் எடைபார்த்து, தேதியோடு லேபிளின் ஓரத்தில் சிறியதாக எழுதிவைப்பது என் வழக்கம். ஒரு மில்லி மை ஏறத்தாழ ஒரு கிராம். இன்று எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரியும் படத்தைவிட நம்பகமாகத் தெரிந்துவிடும். எழுதிவைக்காதவர்கள், பழைய காலிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று அலமாரியில் கிடந்தால் அதனுடன் ஒப்பிடலாம். அதுவும் அதே எண்ணுள்ளதாக இருக்க வேண்டும்.

## அறிகுறி: தாள் வெள்ளையாகவே வருகிறது, அல்லது கறுப்பு மட்டும் வரவில்லை

### இப்போதுதான் புதிது போட்டீர்கள் என்றால்

கார்ட்ரிட்ஜை எடுத்து, அடியில் ஒளிபுகும் டேப் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல் வீட்டு ஆசிரியை ஒருவர், முதலில் வாங்கியது வேலை செய்யவில்லை என்று இரண்டாவது கார்ட்ரிட்ஜும் வாங்கி, அதுவும் வேலை செய்யாமல் என்னை அழைத்தார். இழுக்கும் நுனி மட்டும் கிழிந்து வந்துவிட்டு, துளைத் தகட்டின்மேல் ஒரு விரற்கடை அகலத்தில் டேப் அப்படியே இருந்தது. இரண்டிலும் அதே கதை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தால் வந்துவிடும். உரிக்க வேண்டியது அந்த டேப்பை மட்டும்தான். அதற்குப் பின்னால் உள்ள செப்புப் பட்டையும் டேப் மாதிரியே தெரியும், அதையும் சேர்த்து உரித்தவர்களும் உண்டு. அந்தக் கார்ட்ரிட்ஜுக்குப் பிறகு வைத்தியமில்லை.

### சில வாரங்கள் சும்மா கிடந்த பிரிண்டர் என்றால்

முதலில் கணினியில் உள்ள பிரிண்டர் மென்பொருளின் பராமரிப்புப் பகுதிக்குப் போய்ச் சுத்தம் செய்யும் கட்டளையை ஒருமுறை கொடுத்து, சோதனைத் தாளைப் பாருங்கள்; முன்னேற்றம் தெரிந்தால் இன்னொரு முறை. அதற்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுத்தமும் நல்ல துளைகள் வழியாகவும் மையை உறிஞ்சி எடுத்துக் கழிவுப் பஞ்சில் விடுகிறது. ஏழெட்டு முறை கொடுத்துக் கால் பங்கு மையைக் காலிசெய்துவிட்டு, பிறகு தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் அதிகம்.

இரண்டு முறைக்குப் பிறகும் வராவிட்டால் ஊறவைக்க வேண்டும். ஒரு சாஸரில் டிஷ்யூவை மடித்து வைத்து, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரை அது ஊறும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடையில் விற்கும் தண்ணீரே போதும். உப்பு மிகுந்த போர் தண்ணீர் காய்ந்தால் துளையில் உப்பைப் படியவைக்கும் என்பதால் அது வேண்டாம். துளைத் தகடு அந்த ஈர டிஷ்யூவில் படும்படி கார்ட்ரிட்ஜை ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். தண்ணீர் செப்புப் புள்ளிகள் வரை ஏறிவிடக் கூடாது. பிறகு காய்ந்த டிஷ்யூவில் ஒற்றியெடுத்தால், முதலில் சாம்பல் நிறத்தில் கரைந்த நீர் வரும், இரண்டாம் மூன்றாம் ஒற்றலில் அடர் கறுப்பு தெரியத் தொடங்கும். அது தெரிந்தால் கார்ட்ரிட்ஜ் பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம். செப்புப் புள்ளிகளை உலரவிட்டுப் பொருத்தி, ஒருமுறை சுத்தம் கொடுத்து, இரண்டு பக்கம் அடியுங்கள். கார்ட்ரிட்ஜை மொத்தத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஊசியால் துளையைக் குத்துவதோ, ஆசிடோன் கலந்த நகப்பூச்சு நீக்கியால் துடைப்பதோ கூடவே கூடாது. முதலாவது தகட்டைக் கீறும், இரண்டாவது தகட்டை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கும்.

டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் இந்த வழி கிடையாது, ஏனெனில் மை பீய்ச்சும் தலைப்பகுதி பிரிண்டரோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. எப்சன் எல் வரிசை போன்றவற்றில் மூன்று முறை சுத்தம் கொடுத்தும் சரியாகாவிட்டால், பிரிண்டரை அணைத்துக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் அச்சிடாமல் விட்டுவிட்டு, மறுநாள் முயல வேண்டும். அதன் பிறகும் வராவிட்டால், குழாயில் உள்ள மையையும் சேர்த்து வெளியேற்றும் பெரிய சுத்தம் இருக்கிறது. டேங்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ் மை இருக்கும்போது அதைச் செய்தால் குழாயில் காற்று புகுந்து, இருந்த கோளாறு இரண்டாகிவிடும்.

### டிஷ்யூவில் நன்றாக விழுகிறது, தாளில் மட்டும் இல்லை என்றால்

கேனன் டிரைவரில் 'கலர் மட்டும்', 'பிளாக் மட்டும்' என்று கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. மை தீர்ந்த சமயத்தில் யாரோ மாற்றிவைத்தது அப்படியே நின்றிருக்கும். அதை 'இரண்டும்' என்று ஆக்குங்கள். அது சரியாக இருந்தால், கீழே 'அடையாளம் தெரியவில்லை' என்ற பகுதியில் சொல்லியிருப்பதுபோல் தொடுபுள்ளிகளைத் துடையுங்கள். அதற்கும் அசையாமல், வேறொரு நல்ல கார்ட்ரிட்ஜ் போட்டபோதும் வெள்ளைத் தாளே வந்தால், வண்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் பட்டைக் கம்பியோ போர்டோ பழுதாகியிருக்கிறது. மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் மூன்று நான்கு ஆண்டு ஓடிய விலை குறைந்த பிரிண்டருக்குப் போர்டு மாற்றுவது கட்டுப்படியாகாது. பழுதுபார்க்கும் செலவை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

## அறிகுறி: எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள், நிறம் மாறுகிறது

வண்டி ஓடும் திசையில், அதாவது தாளின் அகலவாக்கில், சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் விழுந்தால் சில துளைகள் அடைத்திருக்கின்றன. மேலே சொன்ன சுத்தமும் ஊறவைத்தலும் போதும். கோடு ஜெராக்ஸில் மட்டும் விழுந்து, கணினியிலிருந்து எடுத்த தாள் சுத்தமாக இருந்தால், ஸ்கேனர் கண்ணாடியைத் துடையுங்கள். கார்ட்ரிட்ஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எழுத்துகள் இரட்டையாக, நிழல் விழுந்தாற்போல் வந்தால், மென்பொருளில் உள்ள சீரமைக்கும் கட்டளையைக் கொடுங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது. சீரமைத்த பிறகும் ஆடினால், வண்டிக்குப் பின்னால் இடமிருந்து வலமாக இழுத்துக் கட்டியிருக்கும் ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைப் பாருங்கள். வண்டி எங்கே இருக்கிறது என்பதைப் பிரிண்டர் அதைப் படித்துத்தான் அறிகிறது. அதன்மேல் மை தெறித்திருந்தால் படிப்பது தவறும். பிரிண்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் இரண்டு விரலுக்கிடையில் பிடித்து இழுக்காமல் துடைக்கலாம். கொக்கியிலிருந்து கழன்றுவிட்டால் நீங்களே மாட்ட முயலாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். தலைகீழாக மாட்டினால் வண்டி போய் ஓரச் சுவரில் இடிக்கும்.

ஒரு நிறம் மட்டும் விடுபட்டால் புகைப்படம் பச்சையடித்தோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். டிஷ்யூவில் அந்த நிறத்தின் பட்டை விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை, ஊறவைத்தும் வரவில்லை என்றால், அந்த ஒரு நிறத்துக்காக முழுக் கலர் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டியதுதான். மூன்று நிறமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் அமைப்பின் பெரிய குறை இது. பள்ளித் திட்டப்பணிகளில் வானமும் கடலும் அடித்து நீலத்தை மட்டும் தீர்த்துவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் பாதியோடு குப்பையில் போடும் வீடுகள் எங்கள் தெருவில் நிறைய.

பக்கத்தின் மேற்பாதி அடர்த்தியாகவும் கீழ்ப்பாதி மங்கலாகவும் வந்து, பத்து நிமிடம் விட்டால் மறுபடி மேற்பாதி நன்றாக வருகிறது என்றால் துளையில் குற்றமில்லை. மை கீழே இறங்குவது தாமதமாகிறது. மை தீரும் தறுவாயில் இப்படி நடக்கும். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜானால், காற்று போகும் துளையை டேப்பால் மூடிவிட்டீர்களா என்று பாருங்கள். மங்கத் தொடங்கியபின் பிடிவாதமாக அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. இந்த வகைக் கார்ட்ரிட்ஜில் மையைச் சூடாக்கித்தான் பீய்ச்சுகிறார்கள், மையே அந்தச் சூட்டைத் தணிக்கவும் செய்கிறது. வறண்ட நிலையில் ஓட்டினால் தகடு கருகி, பிறகு ரீஃபில் செய்தாலும் எழாது.

## அறிகுறி: கார்ட்ரிட்ஜின் அடையாளம் தெரியவில்லை என்கிறது

### மாட்டியதில் பிழை

முதலில் இடம் பாருங்கள். ஹெச்பி டெஸ்க்ஜெட்டிலும் கேனன் பிக்ஸ்மாவிலும் இந்த இரட்டைக் கார்ட்ரிட்ஜ் வகைகளில் கலர் இடப்புறம், பிளாக் வலப்புறம். 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தியிருக்க வேண்டும். ஒலி கேட்காமல் மூடிய மூடிதான் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம்.

### தொடுபுள்ளியில் அழுக்கு

கார்ட்ரிட்ஜின் முதுகில் உள்ள செப்புப் புள்ளிகளையும், வண்டிக்குள் அவற்றுக்கு எதிரே இருக்கும் சிறிய ஊசிப் புள்ளிகளையும், நூல் உதிராத துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பழைய பனியன் துணி வேண்டாம். அதன் நூலிழை ஊசியில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடி துடைக்கத் தரும் துணி மிகப் பொருத்தம். பத்து நிமிடம் உலரவிட்டுப் பொருத்துங்கள். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் இந்தத் துடைப்பு ஒன்றே பல முறை போதுமானதாக இருந்திருக்கிறது.

### எண் பொருந்தவில்லை

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது பிரிண்டரின் பெயரைச் சொல்லாதீர்கள், பழைய கார்ட்ரிட்ஜின் எண்ணைச் சொல்லுங்கள். ஹெச்பியில் 680, 682, 803, 805 எல்லாம் கைக்குள் ஒரே மாதிரி தெரியும். சில ஒன்றன் இடத்தில் ஒன்று உட்காரவும் செய்யும், ஆனால் பிரிண்டர் ஏற்காது. டெஸ்க்ஜெட் 2131-க்கு 803, டெஸ்க்ஜெட் 2331-க்கு 805, இங்க் அட்வான்டேஜ் 2135-க்கு 680. மாடல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் கார்ட்ரிட்ஜே மாறிவிடுகிறது பாருங்கள். கேனனில் எம்ஜி 2470, எம்ஜி 2570 ஆகியவற்றுக்கு பிஜி-745, சிஎல்-746. இ வரிசை மாடல்கள் பலவற்றுக்கு பிஜி-47, சிஎல்-57. மூடியின் உட்புறத்திலோ வண்டியின் அருகிலோ ஒட்டியிருக்கும் தாளில் இந்த எண் இருக்கும். அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

### வெளிநாட்டிலிருந்து வந்தது

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த பிரிண்டர், துபாயிலிருந்து மைத்துனர் வாங்கிவந்த கார்ட்ரிட்ஜ் என்று நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. தயாரிப்பாளர்கள் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து விற்கிறார்கள். கேனனில் இங்கே 745, 746 என்று விற்பதன் வடிவமே அமெரிக்காவில் 245, 246 என்றும், ஐரோப்பாவில் 545, 546 என்றும் விற்கிறது. ஒரு மண்டலத்துக் கார்ட்ரிட்ஜை வேறு மண்டலத்துப் பிரிண்டர் ஏற்காது. துடைத்துப் பயனில்லை. பிரிண்டர் வந்த நாட்டு எண்ணையே வரவழைக்க வேண்டும். அதற்குத் தயாரிப்பாளரின் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பது முதல் வேலை.

### பூட்டப்பட்ட கார்ட்ரிட்ஜ்

பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்து சோதிக்கும்போது, 'வேறொரு பிரிண்டருக்குப் பூட்டப்பட்டது' என்ற செய்தி வரலாம். ஹெச்பியில் உள்ள கார்ட்ரிட்ஜ் பாதுகாப்பு அமைப்பு அது. ஒருமுறை பூட்டியதைத் திறக்க முடியாது. உங்கள் பிரிண்டரில் அந்த அமைப்பை அணைத்துவைத்தால் இனிமேல் போடுபவையாவது பூட்டப்படாமல் இருக்கும். இதேபோல், வேறு நிறுவனத்தார் செய்த சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் நேற்றுவரை ஓடி, பிரிண்டரின் உள்மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் நின்றுபோனால், அது கார்ட்ரிட்ஜின் பழுதல்ல. இத்தகைய சிப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு சில மாடல்களில் இருப்பதை ஹெச்பியே பெட்டியில் அச்சிட்டு அறிவிக்கிறது. ஹெச்பி பிளஸ் திட்டத்தில் சேர்த்துவிட்ட பிரிண்டரில் அசல் மை தவிர வேறெதுவும் ஓடாது, இணையத் தொடர்பும் எப்போதும் இருக்க வேண்டும். புதுப் பிரிண்டரை முதன்முதலில் அமைக்கும்போது, இந்தத் திட்டத்தில் சேர்கிறீர்களா என்று வரும் கேள்விக்கு அவசரப்பட்டுச் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள்.

## அறிகுறி: மை தீர்ந்தது என்று சொல்லி அச்சிட மறுக்கிறது

பிரிண்டர் மையை அளப்பதைவிட எண்ணுவதே அதிகம். பீய்ச்சிய துளிகளைக் கணக்குவைத்துக்கொண்டு இவ்வளவுதான் மிச்சம் என்று ஊகிக்கிறது; ரீஃபில் செய்தது அதற்குத் தெரியாது.

கேனனின் சிறிய திரையுள்ள மாடல்களில் ஆங்கில 'இ' எழுத்தும், பிறகு 1, 6 என்ற எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறித் தெரிந்தால் இதுதான் பொருள். ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை கணக்கிடுவதை நிறுத்திவிட்டு அச்சிடத் தொடங்கும். அதன் பிறகு மை தீர்வதை நீங்கள்தான் கண்ணால் கவனிக்க வேண்டும். 1, 3 என்று வந்தாலும் இதே வழி. ஹெச்பி இரட்டைக் கார்ட்ரிட்ஜ் மாடல்களில் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு தொடர்ந்தால் பெரும்பாலும் அடிக்கும். தீர்ந்ததை வெளியே எடுத்துவிட்டு, இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டும் ஓட்டலாம். பிளாக் இல்லாதபோது மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பைப்போல் ஒரு சாம்பல் தரும். நாளைக்கே கொடுக்க வேண்டிய விண்ணப்பத்துக்கு அது போதும். கேனனில் இப்படி ஒன்றை எடுத்துவிட்டு ஓட்ட முடியாது. தீர்ந்ததும் உள்ளேயே இருக்க, டிரைவரில் மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## அறிகுறி: ரீஃபில் செய்தபின் ஒழுகுகிறது, நிறம் கலங்குகிறது

அளவுக்கு மீறி ஊற்றியதுதான் பெரும்பாலும் காரணம். உள்ளே இருப்பது பஞ்சு. சிறிய கார்ட்ரிட்ஜ்களில் கறுப்புக்கு ஐந்து மில்லி, கலரில் ஒரு நிறத்துக்கு இரண்டு மில்லி என்று நான் நிறுத்திக்கொள்கிறேன். அதையும் சிரிஞ்சை மெல்ல அழுத்தி, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். ஒழுகும் கார்ட்ரிட்ஜைத் துளை கீழிருக்க டிஷ்யூவின்மேல் வைத்து, மிகுந்ததை உறிஞ்சவிட்டு, பட்டை மட்டும் விழும் நிலை வந்தபின் பொருத்துங்கள். ஒழுகும்போதே உள்ளே போட்டால் வண்டியின் மின்புள்ளிகள் நனைந்து போர்டு போய்விடும்.

கலர் கார்ட்ரிட்ஜில் எந்தத் துளையில் எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். லேபிளை உரித்ததும் தெரியும் மூன்று துளைகளிலும் தனித்தனிப் பல்குச்சியை விட்டு எடுத்து, வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்த்து, எந்த நிறம் வந்ததோ அதைத் துளைக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு சிரிஞ்சை எடுங்கள். இதைச் செய்யாமல் மஞ்சளில் நீலத்தை ஊற்றிவிட்டால், அன்று முதல் எல்லா மஞ்சளும் பச்சைதான். கழுவி மீட்க முயல்வது வீண்.

கறுப்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கேனன் பிஜி-745, ஹெச்பி 680, 803 ஆகியவற்றின் கறுப்பு பிக்மென்ட் மை, அதாவது நிறத்துகள் கரையாமல் மிதக்கும் மை. கலர் டை மை, அதாவது நீரில் கரைந்த சாயம். கடையில் பொதுவாகத் தரும் டை வகைக் கறுப்பை ஊற்றினால் அச்சு வந்துவிடும், ஆனால் ஈரக்கை பட்டால் எழுத்து பரவும். விண்ணப்பம், சான்றிதழ் நகல் போன்றவற்றை அடிப்பவர்கள் பிக்மென்ட் கறுப்பு என்று கேட்டு வாங்குங்கள். ஒரே கார்ட்ரிட்ஜை நான்கைந்து முறை வரை நான் நிரப்பி ஓட்டியிருக்கிறேன். அதற்கு மேல் துளைகள் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கிவிடுகின்றன.

## அறிகுறி: வண்டி நகரவில்லை, கடகடவென்று ஒலிக்கிறது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கிழிந்த தாள், பென்சில் மூடி, ஒருமுறை பல்லி. எடுத்தபின் வண்டியைக் கையால் மெல்ல இரு பக்கமும் நகர்த்துங்கள். தடையில்லாமல் ஓடியும் மின்சாரம் கொடுத்ததும் மறுபடி அதே ஒலி வந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கழிவு மைப் பஞ்சு நிரம்பிவிட்டது என்ற செய்திக்கும் அதே முடிவுதான். கேனனில் 'இ', 0, 8 என்று வருவது நிரம்பப்போகிறது என்ற முன்னறிவிப்பு, அப்போதே கொடுத்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் மென்பொருளால் கணக்கை மட்டும் பூஜ்ஜியமாக்கிவிட்டு ஓட்டினால், ஒருநாள் மேசை விரிப்பில் மை ஊறியிருக்கும்.

## அறிகுறி: கோளாறு ஒன்றுமில்லை, ஆனால் அடிக்கடி தீர்ந்துவிடுகிறது

பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கைப் பாருங்கள். ஹெச்பி 680 பிளாக் 480 பக்கம், கலர் 150 பக்கம். அந்த எண் ஐஎஸ்ஓ 24711 என்ற அளவுகோலின்படி, வெள்ளை இடம் நிறைய உள்ள மாதிரி ஆவணங்களைத் தொடர்ந்து அடித்துக் கண்டது. பக்கம் நிறைய வானம் அடித்தால் அதில் சிறு பகுதிதான் கிடைக்கும்.

கேனனில் சிறியது, சாதாரணம், எக்ஸ்எல் என்று ஒரே உடம்பில் மூன்று அளவு மை வருகிறது. பக்கத்துக்கு ஆகும் செலவில் எக்ஸ்எல் மலிவு என்பது உண்மை. ஆனால் மாதம் பத்துப் பக்கம் அடிக்கும் வீட்டில் அந்த மை தீர்வதற்கு முன் துளை காய்ந்துவிடும் என்பதால், அவர்களுக்கு நான் சாதாரண அளவையே சொல்வேன். அதைவிடவும் குறைவாக அடிப்பவர்களுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடைதான் மலிவு. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீடு, மாதம் நூறு பக்கத்தைத் தாண்டும் வீடு என்றால், அடுத்த முறை கார்ட்ரிட்ஜுக்குக் கொடுக்கும் பணத்தை டேங்க் பிரிண்டருக்கான முன்பணமாக எண்ணிக்கொள்ளலாம். எப்சன் 003 கறுப்பு மை 65 மில்லி பாட்டில் ஒன்றுக்குச் சுமார் 4,500 பக்கம் என்று கணக்குச் சொல்கிறார்கள். மேலே சொன்ன 480-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது பெட்டியின் தேதியைப் பாருங்கள். உத்தரவாதம் முடியும் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். இரண்டு மாதத்தில் முடியப்போவதைத் தள்ளுபடி விலையில் கொடுத்தால் உடனே போட்டுத் தீர்ப்பதானால் மட்டும் வாங்கலாம். இருப்புக்கு ஒன்று கூடுதலாக வாங்கிவைக்கும் பழக்கம் வேண்டாம். பாதுகாப்பு லேபிள் இல்லாத பெட்டியையும், உள்ளுறை ஏற்கெனவே பிரிந்திருப்பதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் காய்ந்துவிடுகிறது

பிரிண்டரை அதன் பொத்தானால் அணைக்காமல் சுவரில் உள்ள சுவிட்சால் அணைப்பதுதான் இதற்குக் காரணம். பொத்தானை அழுத்தினால் வண்டி வலது ஓரத்துக்குப் போய், துளைகளை ரப்பர் மூடியின்மேல் உட்காரவைத்துவிட்டு நிற்கும். சுவிட்சைத் தட்டினால் நின்ற இடத்திலேயே, துளை திறந்தபடி கிடக்கும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். மின்வெட்டின்போது அச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். மின்சாரம் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, பொத்தானால் அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியபின் விளக்கு முழுதாக அணையும்வரை பொறுத்திருந்து, பிறகு சுவிட்சைத் தட்டுங்கள். வீட்டில் ஆள் இருக்கும் நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கறுப்பும் மூன்று நிறமும் உள்ள ஏதாவது ஒரு பக்கத்தை அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மளிகைச் சாமான் பட்டியல், ஒவ்வொரு தலைப்பும் ஒவ்வொரு நிறத்தில்.